தாதியர் பணியும் தலைமைப் பதவியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



35 வருடங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியாக இருந்தவள் நான். ஒருமுறை எங்கள் வாட்டுக்குப் புதிதாக ஒரு ஆண் தாதி, தம்பி ஒருவர், வந்தார். முதல் நாளே நோயாளர்கள் அவரை "டொக்டர்" என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு அப்போது 12 வருடச் சேவை. அவர்களுக்கு நான் "பிள்ளை"தான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992இல் இதைப்பற்றி எழுதினார். தாதியர், ஆரம்பப் பாடசாலை ஆசிரியர், நூலகர், சமூகப் பணியாளர் என்று பெண்கள் நிறைந்த நான்கு தொழில்களைப் பார்த்தார். பெண்ணைத் தடுக்கக் கண்ணாடிக் கூரை என்றால், அங்கே வரும் ஆணுக்குக் கண்ணாடி எஸ்கலேற்றர் என்றார். சும்மா நின்றாலும் மேலே கொண்டுபோகும். எல்லா ஆண்களையும் அல்ல. ஏடியா ஹார்வி விங்ஃபீல்ட் 2009இல் எழுதிய ஆய்வில், கறுப்பின ஆண் தாதியரைத் துப்புரவுத் தொழிலாளி என்று நினைத்த நோயாளர்களும் வருகிறார்கள்.

எங்கள் நாட்டிலும் தாதியரில் பெரும்பான்மையினர் பெண்கள். ஆனால் பெயர்பெற்ற தாதியர் சங்கங்களின் தலைமையில் நீண்டகாலம் நாம் கண்டது ஆண்களை. ஒரு சங்கத்தின் தலைவர் பௌத்த பிக்குவான முருத்தெட்டுவே ஆனந்த தேரர்.

யாரையும் குறை சொல்ல வரவில்லை. குறை என்னிலும் இருக்கிறது.

நான் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தபோது, நிர்வாகப் பயிற்சிக்கு ஒருவரைச் சிபாரிசு செய்யச் சொன்னார்கள். அந்தத் தம்பியைவிட நான்கு வருடம் மூத்த தாதி ஒருத்தி இருந்தா. இரண்டு சின்னப் பிள்ளைகள். கொழும்பில் தங்கிப் படிப்பது அவவுக்குக் கஷ்டம் என்று நானே நினைத்து, தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். தம்பி கெட்டிக்காரர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்கும் அப்போது இரண்டு பிள்ளைகள். அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

பிறகு தம்பி எனக்கே மேலதிகாரியானார். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவ சொன்னா: "சிஸ்டர், என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம். பிள்ளையளைத் தான் பாக்கிறன் எண்டு அம்மா சொன்னவ."

என்னிடம் பதில் இருக்கவில்லை.

அவவும் எங்கள் பாடசாலைப் பிள்ளைதான். இன்றைக்கு மூன்றாவது வரிசையில் இருக்கிறா. இதை இங்கே சொல்லலாமோ என்று இந்தமுறை அவவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.