காலில் புடைப்பது நரம்பன்று



கெண்டைக்காலில் நீலநிறமாய் முறுக்கிப் புடைத்திருப்பதனைக் கண்டால் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று கூறுவது நம்மவர் வழக்கம். அது நரம்பன்று, சிரை எனப்படும் இரத்தக் குழாய். காலிலுள்ள இரத்தத்தை இதயத்திற்கு மேலேற்றுவது அதன் பணி. ஏறிய இரத்தம் கீழிறங்காவண்ணம் ஒருவழிக் கதவுகள் போன்ற வால்வுகள் அதனுள் உள்ளன. அவை பழுதுற்றால் இரத்தம் தேங்கிச் சிரை சுருள்கிறது.

மரம் வெட்டி நடந்து நடந்தே இந்நோய் வந்தது என்பாருளர். நடக்குங்கால் கெண்டைத் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஆதலின் நடை நன்மையே செய்யும். நெடுநேரம் ஓரிடத்தில் அசையாது நிற்பதும், பலமுறை கருவுறுதலும், பரம்பரையும், முதுமையும் நோயை வளர்ப்பனவாம்.

நரம்பு வேறு, சிரை வேறு என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1907ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பாப்காக், சிரையினுள் கம்பியைச் செலுத்தி அதனை உருவி எடுக்கும் முறையை விளக்கினார். இன்று லேசர் வெப்பத்தால் சிரையை உள்ளேயே அடைத்துவிடுவதும் உண்டு. முழங்காலுக்குக் கீழே, அச்சிரையை ஒட்டியே தொடு உணர்ச்சி தரும் உண்மையான நரம்பு ஓடுகிறது. சிகிச்சையில் அதற்கு ஊறு நேர்ந்தால் கணுக்காலின் உட்புறம் மரத்துப்போகும். பலருக்குச் சில மாதங்களில் இது குறையும், சிலருக்கு நிலைத்துவிடும். இம்மரப்பினால் நடை கெடாது. முழங்காலின் பின்புறச் சிரையை அறுக்கும்போது மட்டும், பாதத்தைத் தூக்கும் நரம்பு பழுதுறுதல் அரிதாக நேரக்கூடும். எந்தச் சிரையில் சிகிச்சை என்று கேட்டறிந்த பின்னரே ஒப்பமிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று, உங்கள் உரிமை.

சிகிச்சைக்குப்பின் கன்றிப்போதலும் சில வார வலியும் இயல்பு. ஆனால், ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டையில் வலி மிகுந்தால், ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும், உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். இவ்வாபத்தைக் குறைக்கவே மருத்துவர் அன்றைக்கே எழுந்து நடக்கச் சொல்கிறார். ‘அறுத்த கால், அசையாதே’ என்று வீட்டார் படுக்க வைப்பது அன்பேயாயினும் தீங்கானது. கருத்தடை மாத்திரை உண்போரும், முன்பு இரத்தம் உறைந்த நோய் கண்டோரும் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். சில ஆண்டுகளில் வேறு சிரைகள் புடைத்தலும் உண்டு.

புடைத்த காலெல்லாம் அறுக்க வேண்டியதன்று. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்தாலோ, ஆறாப்புண் தோன்றினாலோ அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். தேவையாயின், கிள்ளான் வட்டாரத்தினரைத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ கடிதம் தந்து அனுப்புவர்.

நிரையில் முள்ளோ கத்தியோ பட்டுப் புடைத்த சிரை கிழிந்தால் இரத்தம் பீறிடும். அவரை உடனே படுக்கவைத்து, காலை இதயத்தினும் உயரத் தூக்கி, தூய துணியால் பத்து நிமிடம் கையெடாமல் அழுத்துங்கள். மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். இரத்தம் நில்லாவிடில், அழுத்திய கையை எடாமலே 999 எண்ணுக்கு ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள்.