மல்லைக் கரையும் தென்முனைப் பனியும்



முகிலற்ற நண்பகலில் மல்லைக் கரையின் திறந்த வெளியில், தரையினின்று ஒரு மீட்டர் உயருந்தோறும் மின்னழுத்தம் ஏறத்தாழ 100 வோல்ட்டு ஏறுகின்றது. செங்கழுநீர்ப்பட்டுச் சந்தையில் இதைச் சொன்னால் நகைப்பர். காற்று மின்னை மிக அரிதாகவே கடத்துமாதலால் அது நம்மைத் தாக்குவதில்லை, அவ்வளவே. உலகெங்கும் இடிக்கும் மழைமுகில்கள் மேல்வானத்து மின்துகட் படலத்தை ஏறக்குறைய 2.5 இலக்கம் வோல்ட்டு அழுத்தத்தில் வைத்துள்ளன. அவ்வழுத்தமே தெளிந்த வானினூடே தரைக்குக் கசிகின்றது.

இதில் ஞாயிற்றுக்கும் கையுண்டு. ஞாயிற்றினின்று வீசும் துகட்காற்று, தெற்கு நோக்கிய காந்தப்புலத்தைச் சுமந்துவரின், புவியின் காந்தவேலி திறக்கும், காந்தப்புயல் எழும். முனைப்பகுதிகளில் காந்தவரைகள் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்பன. புறவெளியில் தோன்றும் மின்னழுத்தம் அவ்வரைகள் வழியே மின்துகட் படலத்திற்கு இறங்கும். விடியற்பக்கம் நேரழுத்தம், அந்திப்பக்கம் எதிரழுத்தம். இரண்டின் வேறுபாடு அமைதிநாளில் சில பதினாயிரம் வோல்ட்டு. கடும்புயலில் ஓர் இலக்கத்தைக் கடக்கும். நூற்றுக்கணக்கான கல் தொலைவு பரந்து கிடப்பதால் அது இடையில் மாய்ந்துவிடாமல் தரைவரை எட்டுகின்றது. ஆகவே முனைப்பகுதித் தரையின் மின்புலம் விடியற்பக்கத்தில் மிகும்; அந்திப்பக்கத்தில் குறையும்.

இதனைத் தென்முனைப் பெருநிலத்தில், 1989-இல் நிறைவுற்ற மைத்திரி நிலையத்தில் அளந்தனர். பெயர்தான் வடமொழி, அளந்தது இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நெல்லை ஆய்வு நடுவம்! அமைதிநாளில் அங்குள்ள மின்புலம் உலக இடிமுகில்களின் நாட்போக்கையே பின்பற்றுகின்றது. புயல் வேளையில், முனையொளி வளையம் விரிந்து மைத்திரியை நெருங்க, அப்போக்கு பிறழ்கின்றது.

அதை மல்லையிலேயே அளந்தாலென்ன எனலாம். இங்குக் காந்தவரைகள் ஏறத்தாழப் படுத்துக் கிடக்கின்றன. மேலிருந்து இறங்க வழியில்லை. போதாக்குறைக்கு, உடையும் அலையின் உப்புத்துளி காற்றில் மின்னேற்றும். அடுப்புப்புகை காற்றின் மின்கடத்தலைக் குறைக்கும். கல்பாக்கத்து மணலின் மோனசைட்டுக் கதிரோ அதனைக் கூட்டும். 2024 மே 10, 11-இல் வந்த பெரும்புயலின்போது இலடாக்கின் ஆன்லே வானம் சிவந்தது. நம் கட்டுமரத்தார் வழக்கம்போல் வலை இழுத்தனர்.

மைத்திரியிலும் எல்லா நாளும் அளத்தற்காகா. காற்றில் பறக்கும் பனித்தூளே மின்னேறிக் கருவியைக் குழப்பும். காற்றடங்கி, முகில் விலகிய நாள்களையே பொறுக்கி எடுக்கின்றனர். இம்மின்மாற்றம் முகிலையும் மழையையும் தொடுமா என்பதில் அறிஞரிடையே இன்னும் உடன்பாடில்லை.