போட்ட ஓட்டு எங்கே போச்சு?

அன்புள்ள நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கொண்டிருக்கும் நண்பர்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு பார்த்துக் கொண்டிருக்கும் தாய்மார்களே!

"அமெரிக்க அதிபர் தேர்தல் முறையை மாற்ற வேண்டும்" என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "இருநூறு வருஷமா ஓடுற வண்டியை எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டார்கள். ஓடுது, ஒத்துக்கிறேன். ஏறினவங்க எல்லாரையும் ஊர் கொண்டு போய்ச் சேர்க்குதா? அதுதானய்யா கேள்வி!

என் அக்கா மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அந்த நாட்டுக் குடிமகன். "ஓட்டுப் போட்டியாப்பா?"ன்னு கேட்டேன். "போட்டு என்ன மாமா ஆகப் போகுது? எங்க மாநிலத்து முடிவு எப்பவோ தெரிஞ்சதுதானே"ன்னான். சோம்பேறிப் பயல் என்று நினைத்தேன். விவரம் தெரிந்த பிறகுதான் அவன் வருத்தம் புரிந்தது.

அங்கே மக்கள் ஓட்டு நேராக அதிபருக்குப் போவதில்லை. மாநிலவாரியாக மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 பேர் கிடைத்தால் அதிபர். 48 மாநிலங்களில், ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாநிலத்துத் தேர்வாளர் அத்தனை பேரும் அவருக்கே!

நம்ம வீட்டில் பத்துப் பேர். ஆறு பேர் இட்லி கேட்டாங்க, நாலு பேர் தோசை கேட்டாங்க. இட்லி அவிக்கட்டும், தப்பில்லை. ஆனா ஊர்க் கணக்கு எடுக்கும்போது "இந்த வீட்டில் பத்துப் பேருக்கும் இட்லி"ன்னு எழுதினா, அந்த நாலு பேர் எங்கே போனாங்க?

2020-ல் டிரம்புக்கு டெக்சாஸில் விழுந்ததைவிடக் கலிபோர்னியாவில் அதிக ஓட்டு, 60 லட்சம்! கிடைத்த தேர்வாளர்? பூஜ்யம். டெக்சாஸில் பைடனுக்கு 52 லட்சத்துக்கு மேல். அவருக்கும் பூஜ்யம். இது ஒரு கட்சியின் அழுகை இல்லை நடுவர் அவர்களே!

2000-ல் அல் கோர் நாடு முழுக்க 5 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினார். ஃபுளோரிடாவில் 537 ஓட்டில் எல்லாம் போச்சு. 2016-ல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சம் அதிகம் வாங்கியும் வீட்டில் உட்கார்ந்தார்.

"சின்ன மாநிலங்களை யார் கவனிப்பா?"ன்னு எதிரணி கேட்குது. இப்ப மட்டும் யார் கவனிக்கிறா? 2024-ல் நிஜப் போட்டி நடந்தது பென்சில்வேனியா, மிச்சிகன் என்று ஏழே மாநிலங்களில். நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த வயோமிங் அதில் இல்லையே!

வழியும் இருக்கிறது. "நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கினவருக்கே எங்கள் தேர்வாளர்கள்" என்று மாநிலங்களே ஒப்பந்தம் போடுகின்றன. 2024-க்குள் 17 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் சேர்ந்து, 209 தேர்வாளர்கள் கணக்கில் வந்துவிட்டார்கள். 270-ஐத் தொட்டால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்.

தோற்கிறவனுக்கும் ஓட்டு உண்டு. ஆனால் எண்ணாமல் தோற்கடிக்கக் கூடாது. என் மருமகன் அடுத்த முறை வரிசையில் போய் நிற்க வேண்டும் என்றால், முறை மாற வேண்டும் என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள் என வேண்டி அமர்கிறேன்.