காட்டுக்கோழி வீட்டுக்கு வந்த கதை

(சார்ஜா, ரோலாவில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நல்ல நாளும் அதுவுமாய்க் கோழியைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறான் என்று சிலர் சிரிக்கிறது தெரிகிறது. சிரியுங்கோ. ஆனால் இங்கே இருக்கிற அநேகமானோர் ஊருக்குக் காசு அனுப்புகிறவர்கள். 2009க்குப் பிறகு மீளக்குடியமர்ந்த எமது குடும்பங்கள் பல கோழி வளர்ப்பை நம்பித்தான் கைச்செலவைப் பார்த்தன. "எந்தக் கோழி வாங்கிறது?" என்று அங்கிருந்து கேட்டால் என்ன சொல்லுவீர்கள்? அதற்கு மறுமொழி கோழியின் பூர்வீகத்திலே இருக்கிறது.

உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. 2020இல் 863 கோழிகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மியன்மார், வட தாய்லாந்து, தென்மேற்குச் சீனா ஆகிய பகுதிகளில் வாழும் ஒரு பிரிவிலிருந்தே வீட்டுக்கோழி வந்தது என்று கண்டார்கள். நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குத் தானியம் பொறுக்க வந்த பறவை அப்படியே மனிதனோடு ஒட்டிக்கொண்டது. இலங்கைக் காட்டுக்கோழி வேறு இனம். அது நாட்டின் தேசியப் பறவையாகியும் இன்றைக்கும் காட்டிலேதான் இருக்கிறது.

ஆனால் எமது பக்கத்துப் பங்கும் கோழிக்குள்ளே உண்டு. சில கோழிகளின் தோலும் காலும் நல்ல மஞ்சளாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த மஞ்சள், தமிழ்நாடு உட்படத் தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. இதைச் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2008இல் கண்டுபிடித்தார்கள். சோளத்திலும் கீரையிலும் உள்ள மஞ்சட் சாயத்தைச் சாதாரண கோழியின் தோல் சிதைத்துவிடும். இந்த மரபணு மாறிய கோழியின் தோலில் அந்த வேலை நடப்பதில்லை. சாயம் அப்படியே தங்கிவிடுகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் கிடைத்தால்தான் குஞ்சு மஞ்சளாகும்.

நிறம் மட்டும் மாறவில்லை, குணமும் மாறியது. லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். காட்டுக்கோழிகளில் மனிதனுக்குப் பயம் குறைந்தவற்றை மட்டும் தெரிந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினார்கள். பத்தே தலைமுறையில் உடம்போடு பார்க்க மூளை சிறுத்துவிட்டது! மூளையைச் சிறுப்பிக்க வேண்டுமென்று ஒருவரும் நினைக்கவில்லை. பயம் போகும்போது அதுவும் சேர்ந்து மாறியது.

காட்டுக்கோழி பருவத்துக்குத்தான் முட்டையிடும். ஐந்தாறு முட்டையோடு அடைக்குப் போய்விடும். பகலின் நீளத்தைப் பார்த்து இந்தப் பருவத்தைச் சீர்செய்வதில் தைரொயிட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவுக்குப் பங்குண்டு. வீட்டுக்கோழி எல்லாவற்றிலும் அனேகமாக அந்த மரபணுவின் மாறிய வடிவமே இருக்கிறது என்று 2010இல் அறிந்தார்கள். அந்த மாற்றம் பருவக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

அதற்குப் பிறகு வந்தது மனிதனின் அவசரம். அடை கிடக்கிற கோழி முட்டையிடாது. பொரிக்கிறதுக்கு மெஷின் வந்த பிறகு அடைக்குப் போகிற பேடுகளை ஏன் வைத்திருக்க வேண்டும்? தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். இன்றைய வெள்ளை லெகோர்ண் வருடத்துக்கு முந்நூறு முட்டை வரை இடும். ஆனால் அடைக்குப் போவது அருமை. இறைச்சிக்கோழியோ ஐந்தாறு கிழமையில் இரண்டு கிலோவைத் தாண்டும். அதன் வேலை தின்பதும் வளர்வதும்தான்.

ஆகவே உறவுகளே, கேள்வியை மாற்றிக் கேளுங்கோ. அந்த வீட்டிலே தீன் வாங்கக் காசு தொடர்ந்து இருக்குமா? கூடு பாதுகாப்பா? முட்டையை வாங்க ஆள் இருக்கா? இருந்தால் முட்டைக்கோழி நல்ல வருமானம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிழட்டுத் தாயும் சின்னப் பிள்ளைகளும் மட்டும் இருக்கிற வளவென்றால் ஊர்க்கோழியே வாங்கச் சொல்லுங்கோ. குப்பையைக் கிளறித் தன் வயிற்றைப் பார்க்கும். பிராந்து வந்தால் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் செட்டைக்குள் இழுக்கும். பின்னேரம் முருங்கையிலே ஏறிப் படுக்கும். இருபத்தொரு நாள் அடை கிடந்து அடுத்த தலைமுறையையும் தானே தரும். முட்டைக்கோழி கிழடானால் திரும்பவும் காசு அனுப்ப வேண்டும். ஊர்க்கோழிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும்.

இன்னுமொன்று. முட்டை கூடட்டும் என்று ஊர்ப்பேடுகளோடு கலப்புச் சேவலை மட்டும் விட்டு வளர்த்தால் அந்த அடைக்குணம் குறைந்துகொண்டு போகலாம். ஒன்றிரண்டு நல்ல ஊர்ச் சேவலையும் அடைக்குப் போகிற பேடுகளையும் புறம்பாக வைத்திருக்கச் சொல்லுங்கோ. நாங்கள் தெரிந்தெடுக்கிற குணம் வளரும். கவனியாமல் விடுகிற குணம் சத்தமில்லாமல் போய்விடும். போனபிறகு காசு கொடுத்தும் இலேசில் வாங்கேலாது.

இது கோழிக்கதைதான். எங்கட பிள்ளையளுக்கு உவமை சொல்ல நான் வரவில்லை. அதை நீங்கள் வீட்டுக்குப் போய்க் கதைத்துக்கொள்ளுங்கோ. அடுத்த முறை ஊருக்குக் காசு அனுப்பும்போது மட்டும் இதை ஒருக்கால் நினையுங்கோ.