ஆழ்கடல் ஊர்திகளும் கம்பிவடப் பராமரிப்பும்

(மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

1968-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள். அமெரிக்காவின் ‘ஆல்வின்’ என்னும் ஆழ்கடல் ஊர்தி, அட்லாண்டிக் கடலில் அதன் தாய்க்கலத்திலிருந்து நீரில் இறக்கப்பட்டுக் கொண்டிருந்தது. ஊர்தியைத் தாங்கிய தொட்டிலின் எஃகு வடங்கள் அறுந்தன. திறந்திருந்த மேல்வாயில் வழியே கடல்நீர் உட்புகுந்தது. உள்ளிருந்த மூவரும் நொடிப்பொழுதில் வெளியேறி உயிர் தப்பினர். ஊர்தியோ ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் சென்று அமர்ந்தது. மறு ஆண்டில் அதை மேலே கொணர்ந்தபோது, உள்ளே விட்டுச் சென்ற ரொட்டி உணவு கெடாமல் இருந்தது கண்டு அறிவியலார் வியந்தனர். ஆழ்கடலில் நுண்ணுயிர்கள் எவ்வளவு மெதுவாகச் செயற்படுகின்றன என்னும் ஆராய்ச்சிக்கு அது வித்திட்டது. ஆயினும் பொறியியலார் கவனிக்க வேண்டியது ரொட்டியை அன்று, வடத்தை.

இச்செய்தி இந்தியாவுக்குத் தொலைவானதன்று. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் பல்லுலோக முடிச்சுகளை ஆராய்வதற்காக 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பு நம் நாட்டுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘ரோசப் 6000’ என்னும் ஆளில்லா ஊர்தி 2010-இல் 5,289 மீட்டர் ஆழம் வரை சென்றது. 2021-இல் மத்திய அமைச்சரவை ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. மூவரை ஏற்றி 6,000 மீட்டர் ஆழம் செல்லுமாறு ‘மத்ஸ்யா 6000’ உருவாக்கப்படுவதும் இத்திட்டத்தின் பகுதியே. இத்தகைய ஆளேறும் ஊர்தி நீருக்குள் தன்னியக்கமாய் இறங்கி ஏறும். எனினும் கப்பல் தளத்துக்கும் அலைக்கும் இடைப்பட்ட சில மீட்டர்களில் அதன் முழு எடையையும் தூக்குகருவியே தாங்குகிறது. அலையில் கப்பல் எழும்பும்போது வடம் ஒரு கணம் தளர்ந்து, மறுகணம் வெடுக்கென இழுபடும். அவ்விழுப்பு ஊர்தியின் எடையினும் மிகுதியான சுமையை வடத்தின்மீது ஏற்றும்.

நெடுந்தொலைவு இறக்கப்படும் வடத்துக்கு வேறொரு சுமையும் உண்டு. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வடம் ஒரு மீட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ எடையுடையது. 6,000 மீட்டர் நீளத்துக்கு 15 டன். நீரின் மிதப்பாற்றலைக் கழித்தாலும் 13 டன் எஞ்சும். வடம் பெரும்பாலும் தன்னையே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று சொன்னாலும் தவறாகாது.

எஃகு வடம் ஒரே கம்பி அன்று. மெல்லிய கம்பிகளை முறுக்கிப் புரிகளாக்கி, புரிகளை ஒரு நடுத்தண்டைச் சுற்றி மீண்டும் முறுக்கி அமைப்பது. 1834-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் சங்கிலிக்கு மாற்றாக இதைப் புகுத்தினார். சங்கிலியில் ஒரு கண்ணி அற்றால் அனைத்தும் அறும். வடத்தில் ஒரு கம்பி அற்றால் ஏனையவை தாங்கும். வடம் கப்பியின்மேல் வளையும் ஒவ்வொரு முறையும் கம்பிகள் ஒன்றன்மீது ஒன்று நழுவுகின்றன. ஆகவே வடத்தை நூற்றுக்கணக்கான உறுப்புகள் கொண்ட ஓர் எந்திரமாகவே கருத வேண்டும். எந்த எந்திரத்துக்கும் மசகு வேண்டும்.

கடலில் மசகுக்கு இரண்டு கடமைகள்: கம்பிகளின் உராய்வைக் குறைப்பது ஒன்று, உப்புநீரை உள்ளே விடாது காப்பது மற்றொன்று. 6,000 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 600 வளிமண்டல அழுத்தம் நிலவுகிறது. இடைவெளி எங்கிருந்தாலும் நீர் அங்கே புகும். வடம் மேலேறிய பின் வெளிப்புறம் காயும், உட்புறம் காயாது. துத்தநாகப் பூச்சு தன்னை அழித்துக்கொண்டு எஃகைச் சிறிது காலம் காக்கும். அது தீர்ந்ததும் உப்பு எஃகில் குழிகளை அரிக்கும். அக்குழிகளிலிருந்தே விரிசல் தொடங்கும். புரிகளின் இடுக்கிலிருந்து செம்பழுப்புத் தூள் உதிர்ந்தால், உள்ளே கம்பிகள் வறண்டு உராய்கின்றன என்பதற்கு அது சான்றாகும்.

பராமரிப்பில் வரிசை முக்கியம். முதலில் நன்னீரால் கழுவுதல். பின்னர் தூரிகையால் பழைய அழுக்கைத் துடைத்து உலர்த்துதல். அதன் பின்னரே மசகிடல். ஈர வடத்தின்மேல் கெட்டியான கிரீசை அப்பினால் உப்புநீரை உள்ளே அடைத்துப் பூட்டியதாகும். அறுந்த கம்பிகளும் அதன்கீழ் மறைந்துவிடும். மசகு உட்புக வேண்டுமாயின், வடத்தைச் சுற்றிக் கவ்வும் உறையினுள் அழுத்தத்துடன் செலுத்துவது சிறந்த முறை. அக்கருவி இல்லாத இடத்தில், வடம் கப்பியில் வளைந்து புரிகள் சற்றே விரியும் இடத்தில் நீர்த்த மசகை ஊற்றலாம். சிக்கனம் கருதிப் பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுவது கேடு விளைவிக்கும். அதில் உலோகத் துகள்களும் அமிலங்களும் உள்ளன. மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கழுவுவதும் அவ்வாறே. தொழிற்சாலையில் உள்ளே இட்ட மசகையும் அது கரைத்து வெளியேற்றிவிடும்.

மசகு கடலிலும் கலக்கிறது. 2013-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட கப்பல் அனுமதி விதிகள், நீரில் மூழ்கும் கம்பிவடங்களுக்கும் சூழலுக்கு ஏற்ற மசகையே வலியுறுத்தின. செயற்கை இழை வடங்கள் துருப்பிடிப்பதில்லை, எடையும் குறைவு. அவற்றுக்கு எஃகுக்குரிய கிரீஸ் கூடாது; மணலைப் பற்றிக்கொண்டு இழைகளைத் தேய்க்கும். இழை வடமாயினும் கவலை நீங்கிவிடாது. 1995-இல் மரியானா அகழியின் அடியைத் தொட்ட ஜப்பானின் ‘கைக்கோ’, 2003 மே மாதம் சூறாவளி நெருங்கிய வேளையில் துணைவடம் அறுந்து மீளாமற் போயிற்று.

மசகிடல் மட்டும் போதாது, சோதனையும் வேண்டும். வடத்தின் விட்டத்தைப் புரிகளின் மேட்டில் அளந்து, புதிதாயிருந்தபோதைய அளவுடன் ஒப்பிட வேண்டும். ஒரு முறுக்கு நீளத்துக்குள் அறுந்த கம்பிகளை எண்ண வேண்டும். உருளையின் அடிச் சுற்றுகளையும் காண வேண்டும். மாதக்கணக்கில் காற்றுப் படாமல் ஈரத்திலேயே கிடப்பவை அவையே.

ஊர்தியை ஒட்டிய முனையே மிகுதியும் தேய்கிறது. ஆதலால் குறித்த கால அளவில் அம்முனையில் சில மீட்டர்களை வெட்டி, புது முனை அமைத்து, சுமையேற்றிச் சோதிப்பது வழக்கம். வெட்டுவதனால் கப்பியின்மேல் வளையும் இடமும் மாறி, ஒரே பகுதி மீண்டும் மீண்டும் வளைவது தவிர்க்கப்படுகிறது. இருப்புப் பதிவேட்டில் வடத்தின் நீளம் குறைவதைக் காணும் தணிக்கையாளர் அதை இழப்பென்று கருதக் கூடும். புது வடம் வாங்க ஒதுக்கீடு எளிதில் கிடைக்கும். கழுவுவதற்கும் மசகிடுவதற்கும் வேண்டிய ஆள்நாட்களைக் கேட்டால் கேள்விகள் எழும். எத்தனை மீட்டர் இறக்கப்பட்டது, மிகுந்த இழுவிசை எவ்வளவு, என்று கழுவப்பட்டது, எந்த மசகு இடப்பட்டது, எத்தனை மீட்டர் வெட்டப்பட்டது ஆகியவை நாள்வாரியாக எழுதப்பட்ட குறிப்பேடு இருந்தால் இரு தரப்பாருக்கும் விடை அதிலேயே கிடைக்கும். தகுதி இழந்த வடத்தைக் கிடங்கில் சுருட்டி வைத்தலாகாது. வேறொருவர் நற்பொருள் என்றெண்ணி எடுத்துப் பயன்படுத்தாதபடி, துண்டு துண்டாக வெட்டிய பின்னரே பழைய இரும்பாக அதனை அகற்ற வேண்டும்.