பாச்சை உருண்டையும் பச்சிளங் குழந்தையும்

பேராவில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அமிலத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சிம்மோர், சுங்கை சிப்புட் வட்டாரங்களில் பால்மரம் நின்ற நிலங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. ஆயினும், பாலை உறைய வைக்க ஊற்றிய பார்மிக் அமிலம் கையில் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவின் நெடியும் மறந்திருக்காது. முன்னது அமிலம், பின்னது காரம். இரண்டிலும் சேராதவற்றை நடுநிலைப் பொருள்கள் என்பர்.

நடுநிலைப் பொருள் கையைச் சுடாது. ஆகவே அது தீங்கற்றது என்று நாம் எண்ணிவிடுகிறோம். துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையைப் பாருங்கள். அந்துருண்டை என்றும், மலாயில் உபாட் கெகாட் என்றும் சொல்கிறோமே, அதுதான். நெப்தலின் என்னும் நடுநிலைப் பொருளால் செய்த உருண்டை, சில குழந்தைகளின் உயிருக்கே உலை வைக்கக்கூடும். எப்படி என்று பார்ப்போம்.

இரவில் கரைத்து வைத்த தோசை மாவு காலையில் பொங்கி நிற்கிறது. இதனை நொதித்தல் என்கிறோம். இதிலிருந்து வந்த சொல்லே நொதி; மலாயில் என்சிம். உடலுக்குள் நடக்கும் வேலைகளை, தான் செலவழியாமல் விரைவாக முடித்துக் கொடுக்கும் புரதமே நொதி. நொதிகளின் பெயர்கள் பெரும்பாலும் 'ஏஸ்' என்று முடியும்.

நம் இரத்தத்தின் சிவப்பணுக்களில் குளுக்கோஸ் ஆறு பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி உண்டு. நீண்ட பெயராகையால் மருத்துவமனையில் ஜி6பிடி என்பர். சிவப்பணு சிதையாமல் காக்கும் காவலாளி இது. சிலருக்கு இது பிறவியிலேயே குறைவு. மலேரியாக் காய்ச்சலுக்குப் பிரிமாகுயின் மருந்து கொடுத்தபோது சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் உடைந்தன. அதற்குக் காரணம் இந்த நொதிக் குறையே என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-இல் கண்டறிந்தனர்.

நெப்தலின் செய்வதும் அதுவே. அதன் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். ஈரலில் உள்ள வேறு நொதிகள் அதனை மாற்றும்போது, சிவப்பணுவைத் தாக்கும் பொருள்கள் பிறக்கின்றன. காவலாளி குறைந்த உடலில் அணுக்கள் உடையும். இரத்தம் குறையும், மஞ்சள் காமாலை ஏறும். பிறந்த குழந்தைக்குக் காமாலை மிகுந்து மூளையை எட்டினால் செவிடாகலாம், கைகால் முடங்கலாம், உயிரே போகலாம்.

இப்போது நம் வீட்டு வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிறந்ததும் பாட்டி தம் பெட்டியிலிருந்து பழைய சேலையை எடுத்துத் தொட்டில் கட்டுகிறார். அது பாச்சை உருண்டையோடு பல மாதங்கள் கிடந்த சேலை. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து அதில் கிடத்துகிறோம். எண்ணெய் பூசிய தோல் நெப்தலினை இன்னும் எளிதாக உள்ளே வாங்கும். அன்போடு செய்த காரியமே ஆபத்தாகிவிடுகிறது.

நம் நாட்டு மருத்துவமனைகளில் 1980-களில் தொடங்கி, பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்த நொதியைச் சோதிக்கிறார்கள். புற ஊதா ஒளியில் பார்த்தால், நொதி உள்ள இரத்தம் ஒளிவிடும்; குறைந்த இரத்தம் ஒளிவிடாது. குறை இருந்தால் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் குறித்துக் கொடுப்பார்கள். அந்தக் குறிப்பை மறைக்காதீர்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், மருந்துக் கடைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

இக்குறை தாய் வழியாக, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. அதற்காக மருமகளைக் குறை சொல்வது அறியாமை. அவர் விரும்பிக் கொடுத்ததன்று. இது தொற்று நோயும் அன்று. எச்சரிக்கையாக இருந்தால், பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடியாடி வளரும்.

தாய்மார்களே, மூன்றை மனத்தில் வையுங்கள். பிள்ளை இருக்கும் வீட்டில் பாச்சை உருண்டை வேண்டாம். கச்சாங் பாராங் என்னும் பெரிய அவரைப் பருப்பை இக்குறை உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். மருத்துவரைக் கேளாமல் நாட்டு மருந்தோ கடை மாத்திரையோ வேண்டாம்.

பிள்ளையின் கண்ணோ தோலோ மஞ்சளித்தால், உடல் வெளுத்தால், சிறுநீர் தே ஓ நிறத்தில் போனால், வெயிலில் காட்டிக்கொண்டு காத்திராதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நீல ஒளிச் சிகிச்சையாலும், தேவையானால் இரத்த மாற்றாலும் காப்பாற்ற முடியும். தாமதம்தான் பகை.

கையைச் சுடாத பொருளும் இரத்தத்தைச் சுடலாம். இன்றே உங்கள் துணிப்பெட்டியைத் திறந்து பாருங்கள்.