ஸ்டாப் பட்டனை அழுத்தியும் நிற்காத மோட்டார்



எலெக்ட்ரிகல் படிச்சவனுக்குப் புற்றுநோய் மருந்தில் என்ன வேலை என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. என் அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்து கல்லீரலுக்கும் பரவியபோது நான் படித்த பாடம் இது.

செடுக்ஸிமாப் என்றொரு மருந்து. 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கீமோ மாதிரி வேகமாக வளரும் செல்களையெல்லாம் அடிக்காது. செல்லின் மேல் இருக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதத்தை மட்டும் அடைத்துவிடும். 'வளரு' என்ற கட்டளை அது வழியாகத்தான் உள்ளே போகிறது. விலையைக் கேட்டதும் அம்மா நகைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துட்டாங்க. டாக்டரோ, "முதல்ல கட்டியில ராஸ் டெஸ்ட் பண்ணுவோம், ரிசல்ட் வரட்டும்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உயிர் போகுது, டெஸ்டாம்!

நம்ம மெஷின்ஸ் லேபை நினைச்சுக்குங்க. கான்டாக்டர் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் ஸ்டாப் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் மோட்டார் நிற்குமா? ஈ.ஜி.எஃப்.ஆருக்குக் கீழே இருக்கும் கே-ராஸ் அந்தக் கான்டாக்டர். அதில் மரபணு மாற்றம் இருந்தால் எப்போதும் 'ஆன்' தான். மேலே அடைத்துப் பயனில்லை. 2008-ல் வந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. நோய் பரவியவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு இந்த மாற்றம் உண்டு.

அப்பாவுக்கும் இருந்தது. நகைப்பெட்டி பீரோவுக்குத் திரும்பியது. கீமோவோடு 14 மாதம் இருந்தார்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிக்கிற தம்பிகளுக்கு இன்னொன்று. பிராஃப் என்ற புரதத்தை அடைக்கும் மாத்திரை மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் நன்றாக வேலை செய்தது. அதே மாற்றம் உள்ள பெருங்குடல் புற்றுநோயில் தனியாகக் கொடுத்தபோது தோற்றது. காரணம் ஃபீட்பேக்! கீழே அடைத்ததும் மேலே ஈ.ஜி.எஃப்.ஆர். மறுபடி முடுக்கப்படுகிறது, 2012-ல் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் சேர்த்து அடைக்கும் என்கோராஃபெனிப், செடுக்ஸிமாப் ஜோடிக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒட்டிக்கொண்ட கே-ராஸிலேயே ஜி12சி என்ற ஒரு வகைக்கு இப்போது மருந்து இருக்கிறது. அப்பாவுக்கு இருந்தது வேறு வகை.

உங்க வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், பயாப்ஸி திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். ராஸ், பிராஃப், எம்.எஸ்.ஐ. மூன்றும் அதிலேயே பார்க்கலாம். மருந்துக்குப் பணம் கட்டும் முன் கேளுங்க. கேட்டால் டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.